கம்பெனி மாறலாம், நம்பர் மாறக் கூடாது!



"எந்த சிம் வாங்கலாம்?" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி. விளம்பரத்தில் வரும் நடிகரைப் பார்த்து வாங்குகிறோம், இல்லாவிட்டால் ரேட்டை மட்டும் பார்த்து வாங்குகிறோம். இரண்டும் போதாது என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

ஏர்செல் 1999-ல் நம் தமிழ்நாட்டில் தொடங்கிய கம்பெனி. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு அந்த நம்பர்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேசுவதை இலவசமாக்கியதும் மற்ற கம்பெனிகள் தள்ளாடின. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர ஏர்செல் முயன்றது. 2017 அக்டோபரில் அந்தப் பேச்சு முறிந்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க சிக்னல் போச்சு. ஜனங்கள் கடை வாசலில் முண்டியடித்தார்கள்.

சரி, சேர்ந்தவர்களாவது பிழைத்தார்களா? 2018 ஆகஸ்டு 31-ல் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. அப்போது சுமார் 40 கோடி வாடிக்கையாளர்களோடு நாட்டிலேயே பெரிய கம்பெனி. ஏழு வருஷத்தில் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அரசுக்குத் தர வேண்டிய பாக்கிக்காகப் பங்குகளைக் கொடுத்ததில், 2025-ல் அரசின் பங்கு சுமார் 49 சதவீதமானது. ஆக, பெரிய கம்பெனி என்று நம்பி நாம் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

பத்துக்கும் மேல் இருந்த கம்பெனிகள் இன்று நம் பக்கத்தில் நாலுதான்: ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் ரேட்டை ஏற்றின. பி.எஸ்.என்.எல். ஏற்றவில்லை, அந்த மாதமே லட்சக்கணக்கானோர் அங்கே போனார்கள். போட்டி குறைந்தால் நம் பாக்கெட்தான் காலி. அதனால்தான் பி.எஸ்.என்.எல். நன்றாக இயங்க வேண்டும் என்கிறேன்.

"சிம் போனா வேற சிம்! இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம். நம் தாராசுரத்தில் பட்டுச்சேலை ஆர்டர் போனில்தான் வருகிறது. பேங்க் ஓ.டி.பி., ஆதார், கேஸ் புக்கிங், நெல் கொள்முதல் நிலையத்தில் பதிவு எல்லாமே அந்தப் பத்து இலக்க நம்பரில்தான். நம்பர் போனால் பாதிப் பிழைப்பு நின்றுவிடும்.

ஆகவே வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்.

1. சிக்னல்: கடையில் எடுத்தால் போதாது. தறி இருக்கும் உள்அறையிலும் வயல் வரப்பிலும் எடுக்கணும். அந்த சிம் வைத்திருப்பவரை அழைத்து, அங்கே நின்று பேசிப் பாருங்கள்.

2. போன் செட்: ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பாட்டியின் பழைய பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. 4ஜி செட் வேண்டும். சிம்மையும் செட்டையும் சேர்த்தே யோசிக்கணும்.

3. பெயர்: சிம் யார் பெயரில் இருக்கிறது? வேறு யாரோ பெயரில் இருந்தால் மாற்றும்போது அவரைத் தேடி அலையணும்.

நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க நமக்கு உண்டு. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடம் விட்டு நம் நம்பரையும் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டு எழுத்துக் கோடு வரும். அது நாலு நாள்தான் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனிக் கடையில் கொடுக்கணும். ஆனால் எஸ்.எம்.எஸ். அதே சிம்மிலிருந்து போகணுமே! சிக்னல் செத்த பிறகு எப்படிப் போகும்? 2018-ல் ஏர்செல்காரர்கள் தவித்தது இதனால்தான். கம்பெனி ஆட்டம் காணும்போதே மாறுவதுதான் புத்திசாலித்தனம்.

வெள்ளம் வருமுன் அணை போடணும்னு காவிரிக்கரைக்காரர்களுக்கு நான் சொல்லணுமா? இன்று வீட்டுக்குப் போனதும் சிம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்!

– பிளஸ் ஒன் மாணவி