மின்மேளத்தோடு ஓர் ஒலிவாங்கியும் வேண்டும்

நம் வளாகத்தில் இசை ஆர்வலர்களுக்குப் பஞ்சமில்லை. கலைவிழா நெருங்கினால் விடுதியின் மேசைகள்கூட மேளமாகிவிடும். ஆனால், "சொந்தப் பாடல் ஒன்றைப் பதிவு செய்யலாமே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்டூடியோவுக்குப் பணம் எங்கே?" என்ற பதிலே வரும். இந்தக் காரணம் இன்று செல்லாது என்பது என் கருத்து.

இடைநிலைப்பள்ளியின் பேண்டு குழுவில் டிரம் பழகியவன் நான். பகுதிநேர வேலையில் சேர்த்த 1,500 ரிங்கிட்டில் பழைய எலெக்ட்ரானிக் டிரம் ஒன்றை வாங்கினேன். மின்மேளம் என்றே சொல்வோமே! அதை எங்கள் அடுக்குமாடி வீட்டு அறையில் வைத்தேன். ஹெட்ஃபோன் அணிந்து வாசித்தால் யாருக்கும் தொல்லையில்லை என்று நினைத்தேன். இரண்டாம் நாளே கீழ்வீட்டு மக்சிக் கதவைத் தட்டினார். பேஸ் டிரம் மிதிகட்டையின் அதிர்வு தரை வழியே இறங்கியிருக்கிறது. பழைய டென்னிஸ் பந்துகளைப் பாதியாக வெட்டி, இரண்டு பலகைகளுக்கு நடுவே பரப்பி, அதன்மேல் மேளத்தை ஏற்றினேன். அதன்பின் மக்சிக் வரவில்லை.

மின்மேளத்திலிருந்து யு.எஸ்.பி. கம்பி வழியே கணினிக்குப் பெரும்பாலும் செல்வது ஒலி அன்று. எந்தத் தட்டில், எப்போது, எவ்வளவு வலுவாக அடி விழுந்தது என்ற எண்களே செல்கின்றன. 1983-இல் அறிமுகமான 'மிடி' முறை இது. பொது வரிசையில் பேஸ் டிரம்முக்கு 36, ஸ்நேருக்கு 38. அடியின் வலிமைக்கு 1 முதல் 127 வரை. எனவே, பதிந்த பிறகும் தவறிய ஓர் அடியை மட்டும் திருத்தலாம்; ஒலியையே மாற்றலாம். கணினி ஒலி தாமதமாகக் கேட்டால் மென்பொருளில் 'பஃபர்' அளவைக் குறையுங்கள். 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் 1024 என்பது ஏறக்குறைய 23 மில்லிவினாடித் தாமதம். 256 என்றால் 6 தான். புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் கற்ற பெருமையில் இருந்தபோது தீபாவளிக்குத் தாய்மாமா வந்தார். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் உறுமி வாசிப்பவர். தட்டுகளைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாம் சரிடா மருமகனே, உறுமி எங்க?"

கருவியின் ஒலிப் பட்டியலைத் தேடினேன். காங்கா இருந்தது, போங்கோ இருந்தது, தபலாகூட இருந்தது. உறுமி இல்லை. மாமா தம் வளைந்த குச்சியை எடுத்து ரப்பர் தட்டில் தேய்த்தார். சத்தமே வரவில்லை. உறுமியின் ஒரு முகத்தில் அடிக்கிறோம்; மறுமுகத்தில் குச்சியைத் தேய்க்கிறோம். அந்தத் தேய்ப்பில்தான் உறுமலே பிறக்கிறது. அடியை மட்டுமே எண்ணத் தெரிந்த என் தட்டுக்குத் தேய்ப்பு விளங்கவில்லை.

அன்று கைப்பேசியில் பதிந்தேன். ஒலி ஏறும்போதெல்லாம் அது தானாகவே அளவைக் குறைத்துக்கொண்டதால் உறுமல் நசுங்கிப் போனது. இருந்த பணத்தையெல்லாம் மேளத்தில் போட்டிருந்தேன். ஒலிவாங்கி வாங்க ஒரு பருவம் ஆனது. அதற்குள் மாமாவின் தோள்பட்டை வலி முற்றிவிட்டது. அவர் வாசித்தது பத்து நிமிடம். என்னிடம் இருப்பது அவ்வளவே. அவர் குழுவில் அவருக்குப் பின் உறுமியை எடுக்க ஆளில்லை.

"இணையத்தில் ஆயத்த ஒலிகள் கிடைக்குமே?" என்று நண்பர்கள் கேட்கலாம். கிடைக்கும். ஆனால், அவை வேறு யாரோ, வேறு எங்கோ வாசித்தவை. 2006-இல் வெளிவந்த 'வல்லவன்' இசைத்தொகுப்பின்வழி யோகி பி & நட்சத்ரா குழுவினர் மலேசியத் தமிழ்க் குரலைத் தமிழ்நாடு வரை கொண்டு சென்றனர். நம் ஊர் மேளத்தின் குரலும் அவ்வாறு ஒலிக்க வேண்டாமா?

வீட்டு ஸ்டூடியோ அமைக்கும் நண்பர்களே, மேளத்தின் விலையில் சற்றுக் குறைத்துக்கொண்டு, ஓர் ஒலிவாங்கியும் ஆடியோ இன்டர்ஃபேஸும் முதலில் வாங்குங்கள். நம் தமிழ்மொழிக் கழகமும் ஒரு ஜோடியை வாங்கி, விடுமுறைக்கு ஊர் திரும்பும் உறுப்பினர்களுக்கு இரவல் தரலாம். ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு மாமா இருப்பார். மின்மேளத்தை அடுத்த ஆண்டும் வாங்கிக்கொள்ளலாம்.