கதவுச் சத்தத்துக்கு ஏன் உடம்பு விறைக்கிறது?

விடுதி அறையில் நாங்கள் நாலு பேர். ஒருநாள் பின்னேரம் காற்றுக்குக் கதவு படாரென்று அடிபட்டது. மூன்று பேர் திரும்பியும் பார்க்கவில்லை. நாலாவது ஆள், கையில் இருந்த நோட்ஸோடு அப்படியே விறைச்சுப்போய் இருந்தாள். "என்னடி, காத்துத்தானே" என்று சிரித்தோம். கனநாள் கழித்து அவளே சொன்னாள்: "அப்பா கதவைத் திறக்கிற சத்தத்தை வைச்சே, இண்டைக்கு அம்மாவுக்கு அடி விழுமோ எண்டு எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் அந்தச் சிரிப்பைச் சிரிக்கவில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் வீடுகளில் இரண்டு கதைகள் அடிக்கடி சொல்லப்படும். ஒன்று, "அது சின்னப்பிள்ளை, அதுக்கு என்ன விளங்கும்?" மற்றது, "கஷ்டம் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் உரமாய் நிக்கும்." இரண்டுமே பிழை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

ஆபத்து வந்தால் உடம்பு அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் சுரக்கும். நெஞ்சு அடிக்கும், தசைகள் இறுகும். ஆபத்து போனதும் எல்லாம் அடங்க வேண்டும். ஆனால் ஆபத்து தினமும் வீட்டுக்குள்ளேயே வந்தால்? வளர்கிற மூளை அந்த வீட்டுக்கு ஏற்றமாதிரித் தன்னைப் பழக்கிக்கொள்ளும். சிலருக்குச் சின்னச் சத்தத்துக்கும் அலாரம் அடிக்கும். சிலருக்கு மாறாக எல்லாம் மரத்துப்போகும். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் முதலாமவரைப் "பயந்தாங்கொள்ளி" என்பார்கள், இரண்டாமவரை "நல்ல உறுதியான பிள்ளை" என்பார்கள்.

2011இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 43 பிள்ளைகளுக்குக் கோபமான முகங்களைக் காட்டி மூளையை ஸ்கான் செய்தார்கள். அவர்களில் 20 பேர் வீட்டு வன்முறைக்கு ஆளானவர்கள். ஆபத்தை உணரும் பகுதிகளான அமிக்டலாவும் முன் இன்சுலாவும் அந்த 20 பேரில் கூடுதலாக இயங்கின. போர்முனைக்குப் போய்வந்த படையினரிடமும் இதே மாதிரியான மாற்றத்தை வேறு ஆய்வுகள் கண்டிருந்தன. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு எந்த மனநோயும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. பார்வைக்கு எல்லோரையும் போலத்தான் இருந்தார்கள்.

போர் என்றால் எங்களுக்குத் தெரியாததா? 2004 சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று, போர், சுனாமி ஆகியவற்றோடு வீட்டு வன்முறையையும் கேட்டது. தகப்பனின் குடியும் போர் அனுபவமும் பிள்ளை வீட்டில் படுகிற அடியோடு தொடர்புபட்டிருந்தன. செல்லடி பற்றி நாங்கள் நிறையக் கதைத்திருக்கிறோம், எழுதியிருக்கிறோம். குசினிக்குள் விழுந்த அடி பற்றிக் கதைக்க இன்னும் வெட்கப்படுகிறோம். அது ஏதோ ஒரு சில வீட்டுப் பிரச்சினையும் இல்லை. 2019இல் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், திருமணமோ துணையோ இருந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் கணவனாலோ துணையாலோ உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்னார். அந்த வீடுகளில் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்தானே.

அந்தப் பிள்ளைகள் இப்போது எங்களோடு கம்பஸில் இருக்கிறார்கள். சிலவேளை அது நாங்களே. பகிடிவதை செய்யிற சீனியர்மார் "உங்களை உரமாக்கிறம்" என்று கத்தும்போது, ஒருவருக்குப் பம்பலாய் இருப்பது இன்னொருவருக்கு எட்டு வயது இரவாக இருக்கும். விரிவுரையாளர் குரலை உயர்த்தினதும் பிரசன்டேஷனில் வாயடைத்துப்போகிறவர் படிக்காமல் வந்தவர் என்றில்லை. பழைய அலாரம் அடித்திருக்கலாம்.

இது தலைவிதி என்று சொல்ல வரவில்லை. இப்படி வளர்ந்த எல்லோரும் உடைந்துபோவதும் இல்லை. நம்பக்கூடிய ஒரு பெரிய ஆள், ஒரு ரீச்சரோ அம்மம்மாவோ, பக்கத்தில் இருந்தாலே பிள்ளையின் உடம்பு ஆறுதலைப் பழகும். வளர்ந்த பிறகும் பழகலாம். ஆனால் "மறந்துபோடு" என்று சொல்வதால் அது நடக்காது. உடம்பு பழகினதை வாய்ச்சொல்லால் அழிக்க ஏலாது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926 என்று இலக்கங்களும் இருக்கின்றன. "புருசன் பெண்சாதிக்குள்ள நாங்கள் ஏன் போவான்" என்று அயலட்டை கதவைச் சாத்துகிற வரைக்கும், அந்த இலக்கங்கள் சுவரொட்டியில்தான் கிடக்கும்.

எங்கள் அறையில் நாங்கள் செய்தது சின்ன வேலைதான். கதவுக்குக் கீழே ஒரு பழைய துணியை மடித்துச் செருகிவைத்தோம். இப்போது காற்றடித்தாலும் அது படாரென்று அடிபடுவதில்லை.