நாய்க்குப் பரீட்சை உண்டு, நமக்கு?

"அமெரிக்காக்காரனுக்கு ஆஸ்பத்திரியில் வந்து பார்க்க மனிதர்கள் கிடையாது, அதனால் நாயை அனுப்புகிறான்" என்று சொல்லிச் சிரிக்கிறவர்களை எனக்குத் தெரியும். சிரித்து முடித்த பிறகு அவர்கள் தவறாமல் இன்னொன்றும் சொல்வார்கள்: "நம் தேசத்தில் அந்தக் கதி இல்லை, ஐயா! ஒருவன் படுத்தால் ஊரே வந்து நிற்கும்." இந்தச் சிரிப்பும் இந்தப் பெருமையும் ஜோடியாகவே வருகின்றன. நான் இரண்டையும் மறுக்கிறேன். நோயாளியின் கட்டிலருகே போய் நிற்பதற்கு நம்மில் பலரைவிட அந்த நாய்க்குத் தகுதி அதிகம் என்பது என் கட்சி. கோபித்துக் கொள்ளாமல் கேட்கக் கூடியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விஷயம் இன்னதென்று முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தங்கள் வீட்டு நாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார், ஓய்வு பெற்ற குமாஸ்தா, பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்ட தாய்மார் என்று பலதரப்பட்டவர்கள். நோயாளி சம்மதித்தால் நாயைக் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அவர் அதைத் தடவிக் கொடுக்கிறார். பத்துப் பதினைந்து நிமிஷம் ஆனதும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். கண் பார்வையற்றவர்களுக்கு வழி காட்டும் நாய் வேறு. அது ஒரு எஜமானருக்கு உழைப்பது. இது முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கப் போகிற நாய்.

இது நேற்று முளைத்த நாகரிகப் பைத்தியம் அல்ல. மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைப்பது வழக்கமாயிருந்த காலத்தில், 1796-ல், இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் வில்லியம் டியூக் என்பவர் ஒரு விடுதி திறந்தார். அங்கே முற்றங்களில் முயல்களையும் கோழிகளையும் வளர்த்து நோயாளிகளைப் பழக விட்டார்கள். நெடுநாள் படுத்திருப்பவர்களுக்குச் சின்னப் பிராணி ஒன்று நல்ல துணை என்று 1859-ல் எழுதியவர் வேறு யாருமல்ல, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தான். இரண்டாவது உலக யுத்தத்தின்போது நியூகினிக் காட்டில், 1944-ல், பதுங்கு குழி ஒன்றிலிருந்து ஒரு குட்டி நாய் அகப்பட்டது. இரண்டு கிலோ எடைகூட இராது. பில் வின் என்ற சிப்பாய் அதை எடுத்து வளர்த்து ஸ்மோக்கி என்று பெயரிட்டார். அவர் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்தபோது சிநேகிதர்கள் நாயைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதைப் பார்த்த நர்ஸுகள், காயம்பட்டுக் கிடந்த மற்றச் சிப்பாய்களிடமும் அதை எடுத்துச் செல்ல அனுமதி கேட்டார்கள்.

சிரித்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற மனோதத்துவ நிபுணரிடம், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவனைக் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார்கள். அறையில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது. பையன் டாக்டரைப் பார்க்கவில்லை, நாயோடு சேர்ந்துகொண்டான். நாய் வழியாகத்தான் டாக்டருக்கு அவன் மனத்தில் நுழைய வழி கிடைத்தது. 1961-ல் நிபுணர்கள் சபையில் இதை அவர் எடுத்துச் சொன்னபோது, "வாங்கும் கட்டணத்தில் நாய்க்கு எத்தனை பங்கு?" என்று ஒருவர் கேட்டதாகச் சொல்வார்கள். ஆக, நம் நண்பர்களின் நகைச்சுவைக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அதற்குள், 1976-ல், எலேன் ஸ்மித் என்ற அமெரிக்க நர்ஸ் நியூஜெர்சியில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார். இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில், நாயோடு வந்த ஒரு பாதிரியாரைக் கண்டதும் நோயாளிகளின் முகம் மாறியதைக் கவனித்தவர் அவர்.

சரி, பலன் உண்டா? லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். இருதயம் பலவீனப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த 76 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவினரிடம் நாயோடு ஒரு தொண்டர் போய் 12 நிமிஷம் இருந்தார். இரண்டாம் பிரிவினரிடம் தொண்டர் மட்டும் போனார். மூன்றாம் பிரிவினரிடம் யாரும் போகவில்லை. நாய் வந்தவர்களிடம் மனக்கலக்கம் 24 சதவிகிதம் குறைந்தது. மனிதர் மட்டும் வந்தவர்களிடம் 10 சதவிகிதம். யாரும் வராதவர்களிடம் மாறுதலே இல்லை.

நாய் வியாதியைக் குணப்படுத்துகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம் குறைவது வேறு, இருதயம் சரியாவது வேறு. 76 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் நம் கண்ணில் பட வேண்டியது ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் வந்து 12 நிமிஷம் உட்கார்ந்தாலே பத்தில் ஒரு பங்கு பயம் போகிறது! தனிமை அவ்வளவு கனமானது. அதோடு ஒரு நாயும் வந்தால் இன்னும் இரண்டு மடங்குக்கு மேல் போகிறதென்றால், மனிதனிடம் இல்லாத எதை அந்த வாயில்லா ஜீவன் கொண்டுவந்தது?

நான் விஞ்ஞானி அல்ல; கதை எழுதுகிறவன். சில வருஷங்களுக்கு முன் அமெரிக்காவில் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போன ஆஸ்பத்திரியில் கண்டதைச் சொல்கிறேன். பக்கத்துப் படுக்கையில் ஓர் அம்மாள். புற்றுநோய்ச் சிகிச்சையில் தலைமயிர் முழுவதும் கொட்டிவிட்டது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அந்தத் தலையைப் பார்த்தோம்; பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் பாவனை செய்தோம். அந்த அம்மாள் அந்தப் பாவனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிற்பகலில் ஒரு பெரிய பழுப்பு நாய் வந்தது. அது தலையைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு வெளியே தொங்கிய கையைப் பார்த்தது. அதன் கீழே தன் நெற்றியைக் கொண்டுபோய் வைத்தது. அந்த அம்மாள் அன்று முழுவதும் பேசாதவள், நாயின் வயதைக் கேட்டாள். பிறகு தன் வீட்டு நாயைப் பற்றிச் சொன்னாள். பத்து நிமிஷம் அவள் நோயாளியாக இல்லை. நாய் வளர்த்த ஒரு வீட்டுக்காரியாக இருந்தாள். நாய்க்குப் பரிதாபப்படத் தெரியாது. அதுதான் அது கொண்டுவந்த பொருள்.

"கிருமி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, சிரிப்பைவிட ஆயிரம் பங்கு மேலான கேள்வி. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த 102 நாய்களைப் பரிசோதித்து 2006-ல் முடிவு வெளியிட்டார்கள். பார்ப்பதற்கு நல்ல ஆரோக்கியமாயிருந்த அந்த நாய்களில் 80 நாய்களிடம், மனிதருக்குத் தொற்றக் கூடிய கிருமி ஏதேனும் ஒன்று இருந்தது. இதைக் கேட்டு அவர்கள் என்ன செய்தார்கள்? வாதாடவில்லை, விதி வகுத்தார்கள். ஒரு வயது நிறையாத நாய் கூடாது. பச்சை மாமிசம் தின்கிற நாய் கூடாது. வருவதற்கு முன் குளிப்பாட்ட வேண்டும். தொடுவதற்கு முன்னும் பின்னும் எல்லோரும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆறாத புண் உள்ளவர், நாய் ஒத்துக்கொள்ளாதவர் அருகே போகக் கூடாது. கிருமிநாசினிச் சோப்பால் குளிப்பாட்டி, இடையிடையே துடைத்துவிட்டால் கிருமி பரவுவது குறைகிறது என்று 2018-ல் வேறொரு சிறு ஆராய்ச்சி காட்டியது.

கிருமி விதிகள் ஒருபுறமிருக்க, நாய் தேற வேண்டிய பரீட்சை ஒன்றும் இருக்கிறது. இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பமாகிறது.

பரீட்சையில் நாயின் பின்னால் பாத்திரத்தைத் தடாலென்று போடுவார்கள். அது மிரளக் கூடாது. சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் பக்கத்தில் கொண்டுபோவார்கள், குரைக்கக் கூடாது. நடுங்கும் கைகளால் ஒருவர் முரட்டுத்தனமாகக் கட்டிப்பிடிப்பார், பொறுத்துக்கொள்ள வேண்டும். தரையில் தின்பண்டம் கிடக்கும். 'விடு' என்றால் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஆஸ்பத்திரித் தரையில் மாத்திரையும் கிடக்கலாம். அழைக்காமல் கட்டிலில் ஏறக் கூடாது. நாயோடு எஜமானரையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். தேறினாலும் சில சங்கங்களில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் பரீட்சை. நாய் களைத்துப் போகும் என்பதற்காக ஒரு நாளில் ஒரு மணி, இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்குவதும் இல்லை.

இந்தப் பரீட்சையை நமக்கு வைத்துப் பாருங்கள்!

எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனபோது என்னைப் பார்க்க வந்தவர்களின் ஜாபிதா என்னிடம் இருக்கிறது. ஒருவர் வந்ததும் கட்டிலில், தையல் போட்ட பக்கமாகவே, உட்கார்ந்தார். இன்னொருவர் இதே ஆபரேஷனில் இறந்துபோன தம் ஒன்றுவிட்ட மைத்துனரின் கடைசி நாட்களை விஸ்தாரமாகச் சொன்னார். மூன்றாமவர் பில் எவ்வளவு என்று கேட்டு, தாமே ஒரு தொகையை ஊகித்து, "ஏமாந்துவிட்டீர்களே!" என்று அங்கலாய்த்தார். வேறு இருவர் என் கட்டிலின் இரு பக்கமும் நின்றுகொண்டு, எனக்கு மேலாக, ஒரு நிலத் தகராறைப் பேசித் தீர்த்தார்கள். வாங்கி வந்த ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே "நீங்கள் இதெல்லாம் சாப்பிடக் கூடாது அல்லவா?" என்று விசாரித்தவரும் உண்டு. ஒருவர்கூடக் கை கழுவவில்லை. ஒருவர்கூட "வரலாமா?" என்று கேட்கவில்லை. எல்லோரும் நல்லவர்கள், அன்பினால் வந்தவர்கள். பரீட்சை வைத்திருந்தால் அத்தனை பேரும் வாசலிலேயே தோற்றிருப்பார்கள்.

'ஊரே வந்து நிற்கும்' என்கிறார்களே, எத்தனை நாள் நிற்கும்? முதல் மூன்று நாள் நிற்கும். பக்கவாதத்தில் மூன்றாவது மாதமாகக் கிடக்கிற கிழவரைப் பார்க்க யார் வருகிறார்கள்? எந்தப் பொது வார்டிலும் ஒரு மாலை போய் நின்று பாருங்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்களை எண்ணுங்கள். கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்து, நோயாளிக்குச் சோறூட்டி, துணி துவைத்து, மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மனைவி ஒருத்தி இருப்பாள்; மகளோ மருமகளோ இருப்பாள். அவளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவள் ஒருத்தியின் உழைப்பைக் காட்டி நாம் எல்லோரும் பண்பாட்டுப் பெருமை கொண்டாடுவது நியாயமா? அவளிடம் வந்து, "அம்மா, நான் பத்து நிமிஷம் இங்கே உட்காருகிறேன், நீங்கள் போய்க் காப்பி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்ல நம் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நாயைக் கண்டால் தீட்டு என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்றபோது, அந்தச் சொர்க்கமே வேண்டாமென்று நின்ற தர்மபுத்திரனின் கதையைப் பாட்டிகளிடம் கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்? தெருநாய்க்கடியும் வெறிநோயும் உள்ள நாட்டில் நாயென்றால் அஞ்சுவது மட்டும் நியாயம். அஞ்சுகிறவரிடம் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் அங்கேயும் முதல் விதி.

ஆனால் இதைப் படித்துவிட்டு உடனே நாய் வாங்கக் கிளம்ப வேண்டாம். ஹாங்காங்கில் 1991-ல் ஜில் ராபின்சன் என்ற அம்மையார் 'டாக்டர் நாய்' என்ற பெயரில் இந்தத் தொண்டைத் தொடங்கினார். சென்னையில் புளூ கிராஸ் சங்கத்தாரும் அதை மேற்கொண்டதுண்டு. அவர்களுக்கு என் வணக்கம். எனக்குள்ள பயம் வேறு. நாளைக்கு ஒரு பளபளப்பான ஆஸ்பத்திரி நாயை வைத்துக்கொண்டு, அதன் வருகையையும் பில்லில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அப்போது மிஞ்சுவது நாய் மட்டும்தான், தொண்டு போய்விடும். தம் ஓய்வு நாளில், தம் வீட்டு நாயைக் குளிப்பாட்டி, அந்நியரின் கட்டில் வரை அழைத்துக்கொண்டு வருகிறாரே ஒரு மனிதர், கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் அவர்தான் இந்த ஏற்பாட்டின் பாதி. அந்தப் பாதியை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. நம் தெருவிலேயே இருக்கிறார்.

நாய் வராவிட்டால் போகிறது. நாயிடம் கேட்கிற ஒழுங்கை மனிதரிடம் கேட்கும் ஏற்பாடு ஒன்று நம் ஆஸ்பத்திரிகளுக்கு வரட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் தர இசைகிற ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, பழக்கி, சோதித்து, தேறியவர்களை மட்டும், யாரும் வராத கட்டில்களுக்கு அனுப்பட்டும். கை கழுவட்டும். கட்டிலில் உட்காராதிருக்கட்டும். வைத்தியம் சொல்லாதிருக்கட்டும். செத்தவர் கதை சொல்லாதிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்கட்டும், "வேண்டாம்" என்றால் வருத்தப்படாமல் திரும்பட்டும். நாய்க்கு அதைக் கேட்க வாயில்லை. அதற்காக அதன் எஜமானர் கேட்கிறார். நமக்கு வாய் இருக்கிறது.