கேள்வி கேட்க வேண்டிய சபை

தேர்தல் காலம் வந்துவிட்டால் மும்பையில் தமிழர் வாழும் பகுதிகளுக்குச் சென்னையிலிருந்து தலைவர்கள் வருவது நீண்ட நாளைய வழக்கம். தாராவியில் மேடை போடுகிறோம். சயான் கோலிவாடாவில் மாலை போடுகிறோம். கையோடு மனுவும் கொடுக்கிறோம். குடிநீர் வரவில்லை, பொதுக் கழிப்பிடத்தில் கதவில்லை, மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது என்று அந்த மனுக்களில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை. வாங்கிக்கொண்ட தலைவரும் பரிவோடுதான் தலையசைக்கிறார். பிறகு விமானம் ஏறிவிடுகிறார். அவர்மேல் குறை சொல்லிப் பயனில்லை. தொண்ணூறடிச் சாலையின் சாக்கடையைத் தூர்வாரச் சொல்லும் அதிகாரம் சென்னைக் கோட்டையில் யாருக்கும் கிடையாது. பொதுச் சுகாதாரம், துப்புரவு, மருத்துவமனை, மருந்தகம் ஆகியவை அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6-ஆவது இனம். நாம் குடியிருக்கும் மாநிலம் மராட்டியம். நம் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மும்பை மாநகராட்சியின் பொறுப்பு. முகவரி மாற்றிக் கடிதம் போட்டுவிட்டுப் பதில் வரவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருக்கிறோம்!

எந்தச் சபைக்கு எந்த அதிகாரம் இருக்கிறது என்று பார்த்து, அந்தச் சபையில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நம் சங்கங்கள் அறியாதவை அல்ல. மகளிர் தினத்தன்று படம் வைக்கிறோம். 'முதல் பெண்', 'முதல் பெண்' என்று அடுக்கிப் பேசுகிறோம். காப்பி கொடுத்துக் கூட்டத்தைக் கலைக்கிறோம். அந்த அடுக்கு வரிசையில், அவர் சட்டசபையில் உட்கார்ந்து செய்த வேலை மறைந்தே போய்விட்டது.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் தேறினார். சென்னை மாகாணச் சட்டசபையில் பெண்களும் உறுப்பினராகலாம் என்று கதவு திறந்தது 1926-இல்தான். அந்த ஆண்டுத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய சொற்ப வாக்குகளில் தோற்றார். இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி அம்மையார் நியமன உறுப்பினராக உள்ளே போனார். 1927-இல் சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராக்கியது. 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். ஆக, நான்கு ஆண்டுகள்கூட முழுதாக இல்லை. மந்திரி பதவி இல்லை. பின்னால் நிற்க ஒரு கட்சி இல்லை. வாக்களித்து அனுப்பிய தொகுதியும் இல்லை. ஓர் உறுப்பினருக்கு உள்ள கேள்வி, தீர்மானம், மசோதா என்ற கருவிகள் மட்டுமே கையில் இருந்தன.

அந்தக் கருவிகளை அவர் எங்கே செலுத்தினார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அன்று நடந்தது இரட்டையாட்சி. 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீசு, நிலவரி போன்றவை கவர்னரின் நிர்வாகசபை உறுப்பினர்கள் கையில் இருந்தன. கல்வி, மருத்துவம், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை சட்டசபைக்குப் பதில் சொல்ல வேண்டிய மந்திரிகளின் கைக்கு வந்திருந்தன. இந்த ஏற்பாடு அரைகுறை என்று தேசியவாதிகள் ஏளனம் செய்தார்கள். அந்த ஏளனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அம்மையார், திறந்திருந்த அந்த அரைக் கதவுக்குள்ளேயே காலை வைத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசு முழுதாக இசையவில்லை; மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கென ஒரு பிரிவைத் திறந்தது. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும், நகரசபைகளும் மற்ற உள்ளாட்சிகளும் நடத்தும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று வற்புறுத்தினார்.

இதில் ஒரு டாக்டரின் கண் தெரிகிறது. ஆசுபத்திரியில் உட்கார்ந்திருப்பவர், வருகிற நோயாளியை மட்டுமே பார்க்கிறார். காது கேளாத பிள்ளை நோயாளியாக வருவதில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சில் மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ரத்தசோகையுள்ள பெண் பிள்ளைக்கும் அதே கதிதான். அவர்களைத் தேடிப் போக வைத்தியம் மட்டும் போதாது. செலவுக்குப் பணம் ஒதுக்கும் சபை வேண்டும். 2013 பிப்ரவரியில், நம் மும்பைக்கு வடக்கே உள்ள பால்கரில், நாடு முழுவதும் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியகிரம் என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். அம்மையார் கேட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

தேவதாசி முறை ஒழிப்புக்கு வருவோம். இதைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள், உணர்ச்சியைச் சொல்லிவிட்டு ஒரு முக்கியமான விவரத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த விவரத்தின் பெயர் மானிய நிலம். கோயில் பணிக்காகப் பல தாசி குடும்பங்களுக்கு நிலம் மானியமாகக் கிடைத்திருந்தது. பணி நின்றால் நிலம் போய்விடும். நிலம் தங்க வேண்டுமென்றால் தலைமுறைக்கு ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்ட வேண்டும். பெற்ற தாய்க்கு மனம் இல்லாவிட்டாலும் வயிறு இருக்கிறதல்லவா? பொட்டுக்கட்டுவதை மட்டும் தடைசெய்தால், அந்தக் குடும்பம் மகளைக் காப்பாற்றியதற்குத் தண்டனையாக நிலத்தை இழக்கும். 1927-இல் சபையில் தீர்மானத்தை நிறைவேற்றச் செய்த அம்மையார், அடுத்தபடியாக இந்த முடிச்சில் கை வைத்தார். 1929-இல், இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. நிலத்தையும் கோயில் பணியையும் அது பிரித்துவிட்டது. பணி செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கலாம் என்றாயிற்று. தடைச் சட்டத்துக்கு முன்பே, தடையால் பாதிக்கப்படக் கூடியவரின் சோற்றுக்கு வழி செய்த இந்த வரிசை, என் கணக்கில், அவர் செய்த வேலைகளிலேயே தலையாயது.

எதிர்ப்பு இல்லாமலா? இருந்தது. சபையில் சத்தியமூர்த்தி எதிர்த்தார். சென்னையில் அந்த மரபுப் பெண்களே சங்கம் கூடி எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் மானத்தையும் ஒரே சொல்லில் குப்பைக்குப் போடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதையும் இன்று காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். மானிய நிலம் இல்லாமல் ஆட்டத்தையும் பாட்டையுமே நம்பியிருந்த பெண்களுக்கு 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் குறையைச் சொல்வதால் அம்மையாரின் பெருமை குறைந்துவிடாது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா 1930-இல் வந்து, அவர் வெளியேறியபின் கிடப்பில் கிடந்தது. நிறைவேறியது 1947-இல். இடையில் பதினேழு ஆண்டுகள்! தொடர்ந்து கேட்க ஆள் இல்லாவிட்டால் மசோதாவுக்கும் இதுதான் கதி.

சபையை விட்டபின் அவர் செய்தவை ஊரறிந்தவை. அடைக்கலம் தேடி வந்த தாசி மரபுப் பெண்களை எந்த விடுதியும் ஏற்காதபோது தம் வீட்டிலேயே தொடங்கியது அவ்வை இல்லம். தங்கையைப் பறித்த புற்றுநோய்க்கு எதிராக, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தது புற்றுநோய் மருத்துவமனை. 1968-இல் மறைந்தார்.

நம் மும்பையிலும் ஒரு டாக்டர் அரசியலுக்கு வந்தார். காட்கோபரில் கல்குவாரித் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்து, நோயின் வேர் கூலியில் இருக்கிறது என்று கண்டவர் டாக்டர் தத்தா சாமந்த். 1982-இல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நடத்தினார். 1984-இல் லோக்சபைக்கும் போனார். அவர் வழி பெரும்பாலும் தெருவழி. அந்த வேலைநிறுத்தத்தின் முடிவு கசப்பானது. அதைப் பேச இது இடமில்லை. டாக்டர் பட்டம் போட்ட வேட்பாளர்கள் அத்தனை பேரும் இவர்களைப் போல இருப்பார்கள் என்றும் எண்ண வேண்டாம். பதவி வந்ததும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ரிப்பன் வெட்டும் கத்திரிக்கோலை எடுத்துக்கொள்கிறவர்கள் எந்தக் கட்சியில்தான் இல்லை?

நம் விஷயத்துக்கு வருகிறேன். மும்பை மாநகராட்சி நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதை 2020-இல் கண்ணால் பார்த்தோம். ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி தெரியவந்தபோது, இனி அந்தப் பேட்டை மயானம்தான் என்று பத்திரிகைகள் எழுதாத குறை. வீடு வீடாகப் பரிசோதனை நடந்தது. நம் சந்துகளில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களும் சேர்ந்து காய்ச்சல் முகாம் நடத்தினார்கள். பள்ளிக்கூடங்கள் தனிமை முகாம்களாயின. கழிப்பிடங்களுக்குத் திரும்பத் திரும்ப மருந்தடித்தார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அப்படியானால் மற்ற ஆண்டுகளில் அந்தக் கழிப்பிடங்கள் ஏன் நாறின? பணமோ ஆளோ முறையோ இல்லாமல் அல்ல என்பது அந்த மூன்று மாதத்தில் தெரிந்துவிட்டது.

2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்தது. பிறகு மூன்றாண்டுக்கு மேலாகத் தேர்தல் இல்லை, நிர்வாகி ஆட்சி. வார்டுக்கு ஒரு நகர்சேவக் இல்லை. சபையில் எழுந்து நின்று கேட்க ஒருவர் இல்லை. அந்த ஆண்டுகளில் நம் சங்கங்கள் எத்தனை குரல் கொடுத்தன? சென்னையில் யார் யாரோடு கூட்டணி என்று விடிய விடியப் பேசிய நாம், நம் வீட்டு வாசலில் சபையே இல்லாமல் கிடந்ததைப் பேசவில்லை.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கமும் இருட்டும் காற்றோட்டமில்லாத பட்டறையும் சேர்ந்த இடத்தில் அது தங்குகிறது. ஆறு மாத மருந்தை இடையில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத வடிவில் திரும்பி வருகிறது. நம்மவர் மருந்தை நிறுத்துவதற்கு ஒரு காரணம் கோயில் கொடை. இன்னொன்று கல்யாணம், சாவு. நெல்லைக்கு ரயிலேறினால் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்புகிறார்கள். அங்கே மருந்து தொடர்ந்து கிடைக்க இங்கே யார் எழுதிக் கொடுக்கிறார்கள்? நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் தொடங்கிய உதவியை 2024 நவம்பரில் 1000 ரூபாயாக உயர்த்தினார்கள். வங்கிக் கணக்கு இல்லாதவருக்கும், வாடகைக் குடித்தனத்தில் முகவரிச் சான்று இல்லாதவருக்கும் அந்தப் பணம் போய்ச் சேர்கிறதா? நம் வார்டில் மருந்தைத் தொடங்கியவர் எத்தனை பேர், முடித்தவர் எத்தனை பேர்? மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளில் கடைசியாக எப்போது பிள்ளைகளின் கண்ணையும் காதையும் சோதித்தார்கள், குறை தெரிந்த பிள்ளையைச் சயான் ஆசுபத்திரிக்கு யார் அழைத்துப் போனார்கள்? இவற்றுக்கெல்லாம் எண்ணிக்கையில் பதில் சொல்ல முடியும். கேட்டால் சொல்லியாக வேண்டிய சபைகளும் இருக்கின்றன.

மராட்டியச் சட்டசபையில் கேள்வி நேரம் இருக்கிறது. லக்ஷவேதி என்ற கவன ஈர்ப்பு இருக்கிறது. மாநகராட்சியிலும் உறுப்பினர் கேள்வி கேட்க விதி இருக்கிறது. அந்த உறுப்பினர் தமிழரா மராட்டியரா குஜராத்தியா என்பது எனக்குப் பெரிதில்லை. நம் கேள்வியை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாம் எழுதிக் கொடுக்காமல் அவருக்குத் தெரியவும் தெரியாது. எழுதுவது மராட்டியில் இருக்க வேண்டும். வார்டு எண்ணும் சந்தின் பெயரும் கழிப்பிடத்தின் எண்ணும் அதில் இருக்க வேண்டும். இங்கேயே பிறந்து, மராட்டியைத் தண்ணீராய்ப் பேசி எழுதும் பிள்ளைகள் நம் சங்கங்களில் நிறைய இருக்கிறார்கள். பொங்கல் விழாவுக்குக் கோலப் போட்டி நடத்தும் அதே குழுவிடம் இந்த வேலையையும் ஒப்படைக்கலாம். மழை தொடங்குவது ஜூனில். முதல் கடிதம் ஏப்ரலுக்குள் போய்ச் சேர வேண்டும்.