ஏழு வயதில் ஒரு சோக ஞாயிறு

தொலைக்காட்சிப் போட்டிகளில் சின்னப் பிள்ளைகள் பாடுவதை நான் அதிகம் பார்ப்பதில்லை. பாட்டு முடிந்ததும் நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதும், கேமரா ஓடிப்போய் அம்மாவின் முகத்தில் நிற்பதும் எனக்கு ஒத்துவராது. பிள்ளை எப்படிப் பாடியது என்பதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். இந்த வயதில் பாடிவிட்டதே என்பதுதான் பேச்சாக இருக்கும். இதற்கு நான் வைத்திருக்கும் விலக்கு ஒன்றே ஒன்று: நார்வே நாட்டு ஏஞ்சலினா ஜோர்டன்.

2006இல் ஓஸ்லோவில் பிறந்தவள். 2014இல் அந்த நாட்டு 'நோர்ஸ்கே டேலன்ட்டர்' போட்டியின் தேர்வுச் சுற்றுக்கு வந்தபோது வயது ஏழு. காலில் செருப்பு இல்லை. வெறுங்காலோடு பாடுவது அவள் வழக்கம். (கேப் வெர்டே தீவுகளின் செசாரியா எவோராவும் அப்படித்தான். அவரை பிரெஞ்சுக்காரர்கள் 'வெறுங்கால் திவா' என்றே அழைத்தார்கள்.) அந்தக் குழந்தை மைக் முன்னால் நின்று எடுத்த பாட்டு 'குளூமி சண்டே'. பாட்டைத் தெரிந்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கும்.

1933இல் ஹங்கேரியில் ரெஜோ செரெஷ் இசையமைத்த பாட்டு அது. இறந்துபோன அன்புக்குரியவரை நினைத்து, இனி வாழத்தான் வேண்டுமா என்று கேட்கும் பாட்டு. அமெரிக்காவில் பில்லி ஹாலிடே 1941இல் பதிவு செய்தார். கேட்பவர் மனம் தளர்ந்துவிடும் என்று பிபிசி அந்தப் பதிவை ஒலிபரப்பாமல் ஒதுக்கி வைத்தது. பல பத்தாண்டுகள் கழித்து 2002இல்தான் தடை நீங்கியது. பிரெஞ்சில் இதே பாட்டை 1936இல் தாமியா பாடினார், 'சோம்ப்ர் திமான்ஷ்' என்று. எனக்கு முதலில் தெரிந்தது அதுதான். எங்கள் தெருவில் சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தா ஒருவர் வீட்டில் கிராமபோன் இருந்தது. சில நாள் சாயங்காலம் அந்த இசைத்தட்டு ஓடும். பள்ளியில் பிரெஞ்சு படித்ததால் சொற்கள் புரிந்தன. இதைக் கேட்டுக்கொண்டு அந்த மனுஷர் ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் புரியவில்லை.

ஏழு வயதுக் குழந்தைக்கு அந்தத் துக்கம் எங்கிருந்து தெரியும் என்று பலர் கேட்டார்கள். முற்பிறவி, பழைய ஆன்மா என்றெல்லாம் சொன்னார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கட்சி. எங்கள் பள்ளியில் 'ரெசித்தாசியோன்' என்று ஒரு வகுப்பு உண்டு. பனியைப் பற்றியும் இலையுதிர் காலத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து ஒப்பிப்போம். புதுவை வெயிலில் பிறந்த எங்களில் ஒருவனும் பனியைப் பார்த்ததில்லை. வாத்தியார் எங்களிடம் உணர்ச்சியைக் கேட்கவில்லை. எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லை இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் திருத்தினார். அது சரியானதும், கேட்கிறவர்களுக்குக் குளிர் எடுத்தது. குரல் முதலில் வரும். அர்த்தம் ஆடி அசைந்து பின்னால் வரும்.

அவள் பாடியதை அப்படிக் கேட்டுப் பாருங்கள். கத்தவில்லை. போட்டிக்கு வரும் பிள்ளைகள் கடைசி வரியில் எட்டுக்கட்டைக்கு ஏறுவார்களே, அது கிடையாது. தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் நின்று, சொல்லைப் போட்டுவிட்டு அது தானாக அடங்கும் வரை காத்திருக்கிறாள். பில்லி ஹாலிடேயைத் திரும்பத் திரும்பக் கேட்ட காது அது. குறைவாகச் செய்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். நாற்பது வயதுப் பாடகர்களுக்கே அது லேசில் வருவதில்லை. இறுதிச் சுற்றில் 'சம்மர்டைம்' பாடினாள். கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' இசைநாடகத்தில் வரும் தாலாட்டு அது. தாலாட்டு கேட்டுத் தூங்கும் வயதில் தாலாட்டுப் பாடி, எட்டு வயதில் பட்டம் வாங்கினாள்.

இங்கேதான் எனக்குக் கவலை வந்தது. இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பாடம் படித்திருக்கிறார்கள். 1992இல் ழோர்தி என்ற நாலு வயதுப் பையன் பாடிய பாட்டு பிரான்சில் பதினைந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. பிறகு, பெற்றோர் பிள்ளையை வைத்துச் சம்பாதிக்கிறார்கள் என்று கண்டனம் கிளம்பியது. தூக்கிவைத்துக் கொஞ்சிய அதே நாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இத்தனைக்கும் அங்கே 1963லிருந்தே சட்டம் உண்டு. மேடையில் உழைக்கும் பிள்ளையின் சம்பாத்தியத்தில் பெற்றோருக்கு ஒரு பங்குதான். மீதி 'கேஸ் தெ தெப்போ' என்ற அரசு நிதி நிறுவனத்தில் போய்ச் சேரும். வயது வந்த பிறகு பிள்ளைதான் அதை எடுக்க முடியும். 2020இல் இணையக் காணொளிகளில் நடிக்கும் பிள்ளைகளுக்கும் அதை நீட்டினார்கள். ஆயுள் முழுக்கக் கோப்பு புரட்டியவன் சொல்கிறேன், இப்படிப்பட்ட வறட்டு விதிகளில்தான் பிள்ளைகள் மேல் உண்மையான கரிசனம் இருக்கிறது. நடுவரின் கண்ணீரில் இல்லை.

ஏஞ்சலினா அந்தக் கைதட்டலைத் தாண்டி வந்தாள் என்பதற்கு என்னிடம் உள்ள சாட்சி, 2020 ஜனவரியில் ஒளிபரப்பான அமெரிக்க 'காட் டேலன்ட் சாம்பியன்ஸ்' மேடை. குழந்தை முகம் போய்விட்டது, பதின்மூன்று வயது. எடுத்தது குயீன் குழுவின் 'பொஹிமியன் ராப்சடி'. (அதை எழுதிய ஃப்ரெடி மெர்குரி பார்சி. பஞ்சகனியில் பள்ளிப் படிப்பு.) மூலத்தில் அந்தப் பாட்டு இடி, மின்னல், ஓபரா எல்லாம் சேர்ந்த திருவிழா. அவள் திருவிழாவைக் கலைத்துவிட்டு, ஒரு பையன் அம்மாவிடம் மெதுவாகச் சொல்லும் வாக்குமூலமாக ஆக்கிவிட்டாள். நடுவர் ஹெய்டி க்ளும் தங்க பஸரை அழுத்தி, நேராக இறுதிச் சுற்றுக்கு அனுப்பினார். அங்கே அவள் ஜெயிக்கவில்லை. பட்டம் நம் மும்பைப் பையன்களின் 'வி அன்பீட்டபிள்' நடனக் குழுவுக்குப் போனது. எனக்கு இரண்டு பக்கமும் சந்தோஷம்தான்.

அந்த ஏழு வயதுப் பாட்டுக்கும் இந்தப் பதின்மூன்று வயதுப் பாட்டுக்கும் நடுவில் வயது என்ற ஆச்சரியம் கழன்றுபோனது. மிஞ்சியது வெறும் சங்கீதம். அது நின்றது. குழந்தைப் பாடகர்களில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில்தான் பாலம் உடையும்.

கடற்கரைச் சாலையில் கூட நடக்கும் நண்பர் ஒருவருக்கு இது சம்மதமில்லை. "அந்த ஏழு வயசுல இருந்தது இப்ப இல்லைய்யா" என்கிறார். அவள் சொந்தமாக எழுதிய பாட்டுகளை அவர் கேட்பதே இல்லை. வாரம் தவறாமல் வாட்ஸாப்பில் அந்தச் சோக ஞாயிறையே அனுப்புகிறார். போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. நான் பதிலுக்கு 'பொஹிமியன் ராப்சடி'யை அனுப்பிவைத்தேன். நீல நிற டிக் விழுந்திருக்கிறது. பதில்தான் இன்னும் இல்லை.