கையும் கணக்கும்



மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், "பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது?" என்ற வினா பல இல்லங்களில் எழுகின்றது. இயந்திரப் பொறியியலைத் தேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆயினும், அது பட்டறையில் கருவிகளைக் கையாளும் பயிற்சி மட்டுமே என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். முதலாண்டிலேயே கணிதமும் இயற்பியலும் குவியும்போது பிள்ளை திகைக்கின்றது. "இயந்திரம் படிக்கப் போனவனுக்கு இத்தனை கணக்கு எதற்கு?" என்று வீட்டாரும் வியக்கின்றனர்.

இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். உலகின் முதல் ஜெட் பயணி விமானமாகிய 'காமெட்' வகையைச் சேர்ந்த இரு விமானங்கள், 1954ஆம் ஆண்டு ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, மத்தியதரைக் கடலில் வீழ்ந்தன. 56 பேர் மாண்டனர். ஆய்வாளர்கள் அவ்வகை விமானம் ஒன்றின் உடற்பகுதியை மாபெரும் நீர்த்தொட்டியில் வைத்து, அதனுள் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியிறக்கிச் சோதித்தனர். இறுதியில் அதன் சுவர் பிளந்தது. கம்பியொன்றைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது முறிந்துபோகிறதன்றோ? அதுபோலவே, ஒவ்வொரு பயணத்திலும் ஏறியிறங்கிய அழுத்தத்தால் விமானத்தின் உலோகம் சோர்ந்திருந்தது. திறப்புகளின் மூலைகளில் விசை மிகுந்து நின்றதே விரிசலுக்கு வித்தாயிற்று.

அந்த விசை எவ்வளவு என்று கணிப்பதைத்தான் 'பொருள்களின் வலிமை' என்னும் பாடம் கற்பிக்கின்றது. வெப்ப இயக்கவியலும் அத்தகையதே. வெப்பம் முழுவதையும் தொடர்ந்து வேலையாக மாற்றும் எந்திரத்தை எவராலும் அமைக்க இயலாது. அதன் எல்லையை ஆராயும் வழியை 1824இல் பிரெஞ்சு நாட்டுக் கார்னோ காட்டினார். 327 பாகை செல்சியசில் வெப்பம் பெற்று, 27 பாகையில் அதனை வெளிவிடும் எந்திரம், எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும், பெற்ற வெப்பத்தில் பாதிக்கு மேல் வேலையாக்காது.

கணக்கு இன்றியமையாதது என்பதால் பட்டறையை இகழ்தலும் தகாது. இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துச் சதுரமாக்கிப் பார்த்தவனுக்கே, தாளில் தான் எழுதும் ஒரு மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கு எத்துணை அரியது என்பது விளங்கும். கைகளில் எண்ணெய் படிவதை இழிவென்று கருதும் பிள்ளைக்கு இப்படிப்பு பொருந்தாது. மகளுக்கு இதில் நாட்டமிருப்பின், பெண் என்று தடுத்தலும் முறையன்று.

தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகளுக்கு மற்றோர் இடர் உண்டு. பாடம் புரியாமையன்று, ஆங்கிலம் புரியாமையே அவர்களை முதலாண்டில் வாட்டுவது. இதனைக் கருதியே அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இப்படிப்பைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. ஆங்கிலவழியில் சேர்ந்த பிள்ளை ஒரு தாளில் தவறிவிட்டால், "உன்னால் இயலாது" என்று கூறிவிடாதீர்கள். அச்சொல்லுக்கு அஞ்சியே மதிப்பெண்ணை மறைத்து, நாளடைவில் கல்லூரிக்குச் செல்வதையே நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. தவறிய தாளை மீண்டும் எழுதலாம். இழந்த துணிவை மீட்பது அரிது.

ஆதலின், விண்ணப்பம் நிரப்புமுன் பிள்ளையை அருகில் அமர்த்தி, "கணக்கில் உனக்கு விருப்பமுண்டா? கருவியைக் கையாள ஆசையுண்டா?" என்று அன்போடு கேளுங்கள். அண்டை வீட்டாரின் பிள்ளை என்ன படிக்கின்றது என்பதை அதன்பின் விசாரிக்கலாம்.