மாரிக்கு முன் கூரையைப் பார்ப்போம்



புரட்டாதி பிறந்தால் நமக்கு வேலை கூடிவிடும். வயல் உழவு தொடங்கும், விறகு சேர்ப்போம், வேலியைத் திருத்துவோம். தலைக்கு மேலே இருக்கின்ற கூரையை மட்டும் முதல் மழை ஒழுகிய பின்னர்தான் பலரும் அண்ணாந்து பார்க்கின்றோம். அந்த நேரம் மேசனைத் தேடினால் அவர் கையில் பத்து வீட்டு வேலை இருக்கும், கூலியும் ஏறியிருக்கும். ஆகவே இம்மாதம் கூரையைத் துப்புரவு செய்வது, பாதுகாப்பது பற்றிப் பேசலாம் என எண்ணினேன்.

"கூரையில ஏற ஒரு ஆம்புள வேணுமே கா" என்று படுவான்கரையில் ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். அவர் சொன்னதில் உள்ள கஷ்டம் உங்களில் பலருக்குத் தெரியும். உறவினரைக் கேட்டால் நன்றிக்கடன், கூலிக்குக் கேட்டால் காசு, ஒருவர் இரண்டு தரம் வந்துபோனால் ஊர் வாய். இதற்குப் பயந்து ஒழுக்குக்குக் கீழே சட்டி வைத்தே நான்கு மாரியைக் கழித்த வீடுகளை நான் கண்டிருக்கின்றேன்.

எல்லோரும் கூரையில் ஏறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூரைப் பராமரிப்பில் பாதிக்கு மேல் நிலத்தில் நின்றும் ஏணியில் நின்றும் செய்யக்கூடியது. மீதி வேலைக்கு ஆள் பிடித்தாலும், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று நமக்குத் தெரிந்திருந்தால் காசும் வீணாகாது, உடம்பும் கெடாது.

முதலில் உள்ளிருந்து பாருங்கள்

நல்ல வெயில் நேரத்தில் கதவு, யன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரிகின்ற இடமெல்லாம் ஒழுகும் இடம். அதற்கு நேர் கீழே சுவரில் கரியால் அடையாளம் இடுங்கள். மழை நாளில் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் சொட்டும் இடத்திலேயே ஓட்டை இருக்கும் என்பதில்லை. மேலே எங்கோ புகுந்த தண்ணீர் மரச் சட்டத்தைப் பிடித்து ஓடிவந்து வேறிடத்தில் சொட்டலாம். மரத்தில் ஈரத் தடத்தைப் பார்த்து மேல்நோக்கித் தேடுங்கள். கறையான், உக்கல் இருக்கின்றதா என்று மரத்தை ஆணி நுனியால் குத்திப் பாருங்கள். ஆணி மெத்தென்று இறங்கினால் அந்த மரம் காற்றைத் தாங்காது.

ஏணி வைக்கும்போது

ஏணி 4 அடி உயர்ந்தால் அதன் கால் சுவரிலிருந்து 1 அடி தள்ளி இருக்க வேண்டும். மேல் முனையைக் கயிற்றால் கட்டி, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்சார வயர் போகின்ற பக்கம் அலுமினிய ஏணியை வைக்கவே வேண்டாம். நீளப் பாவாடை, சேலையுடன் ஏறாதீர்கள். கர்ப்பிணிகள், தலைச்சுற்று உள்ளவர்கள் கீழே நின்று உதவட்டும். மழை ஈரத்திலும் தனியாகவும் ஏற வேண்டாம்.

தகரக் கூரை

எழுவான்கரையில் கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்ற நமது வாவியின் இரு கரையிலும் உப்புக் காற்றுத்தான். தகரத்தின் மேலுள்ள நாகப் பூச்சை உப்பு மெல்ல மெல்லத் தின்கின்றது. கூரையில் தேங்கிய சருகு ஈரத்தைப் பிடித்துவைத்து அந்த வேலையை விரைவுபடுத்துகின்றது. ஆகவே தகரத்துக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர். மழையில்லாத மாதங்களில் ஏணியில் நின்றபடி இரண்டொரு தரம் வாளியால் ஊற்றிக் கழுவிவிடுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவதில் பயனில்லை. மேலே சாய்ந்த மரக் கிளைகளை வெட்டிவிடுங்கள்.

துரு பிடித்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, துருத் தடுப்புப் பூச்சுப் பூசி, அதன் மேல் பெயின்ற் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே பெயின்ற் அடித்தால் உள்ளே துரு வளர்ந்துகொண்டே போகும். ஆணி அறைபவரிடம் ஒரு விடயத்தைச் சொல்லுங்கள். நெளி தகரத்தில் மேட்டில்தான் ஆணி அறைய வேண்டும், பள்ளத்தில் அல்ல. பள்ளத்தில் தண்ணீர் ஓடும், ஆணித் துளையால் உள்ளே இறங்கும். ஒவ்வோர் ஆணிக்கும் றப்பர் வாசர் வேண்டும். பல வீடுகளில் தகரம் நன்றாக இருக்க, வாசர் காய்ந்து வெடித்துத்தான் ஒழுகுகின்றது. அதை மாற்றுவது தகரம் மாற்றுவதை விட மிகக் குறைந்த செலவு.

அஸ்பெஸ்டஸ் சீற்: அவதானம்

சுனாமிக்குப் பின்னரும் மீள்குடியேற்றத்தின் பின்னரும் கட்டிய பல வீடுகளுக்குச் சாம்பல் நிற நெளி சீற் போடப்பட்டது. இதைத் துப்புரவு செய்வதில்தான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நார்களாகப் பிரிகின்ற ஒரு கனிமம். சீமெந்துக்குள் இறுகியிருக்கும் வரை, உடையாத கூரையின் கீழ் வாழ்பவர்கள் பயப்படத் தேவையில்லை. தேய்க்கும்போதும், அறுக்கும்போதும், உடைக்கும்போதும் பறக்கின்ற தூசிதான் ஆபத்து. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நுரையீரல், தொண்டையின் குரல்வளை, பெண்களின் சூலகம் ஆகியவையும் இதில் அடங்கும். நோய் தெரியவர 20 முதல் 40 ஆண்டுகள் கூடச் செல்லலாம்.

பெண்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 1965ஆம் ஆண்டு லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், நெஞ்சறையைச் சூழ்ந்த சவ்வில் புற்றுநோய் வந்தவர்களிடையே, அஸ்பெஸ்டஸ் தொழிற்சாலையின் படியையே மிதிக்காத பெண்களும் இருந்தார்கள். அவர்களிற் பலர் செய்த வேலை ஒன்றுதான். தொழிற்சாலையிலிருந்து வந்த கணவரின் வேலையுடுப்பை உதறித் துவைத்தார்கள்.

இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் முன்னரே தடை செய்யப்பட்டது. வெள்ளை வகையையும் படிப்படியாக நிறுத்த அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்தது என்று ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. உலகில் அதிகமாக அஸ்பெஸ்டஸ் தோண்டுகின்ற நாடும் அதுவே. சில நாட்களிலேயே அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு பின்போடப்பட்டது. நம் தலைக்கு மேலே என்ன இருக்க வேண்டும் என்பது எங்கெங்கோ தீர்மானிக்கப்படுகின்றது, சகோதரிகளே. தூசி பறக்காமல் பார்ப்பதாவது நம் கையில் இருக்கட்டும்.

செய்யக் கூடாதவை: சீற்றைக் காய்ந்த நிலையில் கூட்டாதீர்கள். கம்பித் தூரிகையாலோ தேங்காய்ப் பொச்சாலோ தேய்க்க வேண்டாம். வேகமாகத் தண்ணீர் பாய்ச்சும் இயந்திரத்தால் கழுவ வேண்டாம். வாளால் அறுக்க வேண்டாம். முக்கியமாக, அதன் மேல் கால் வைக்க வேண்டாம். பழைய சீற் முன்னறிவித்தலின்றி உடைந்து ஆளைக் கீழே விழுத்தும். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் கீழே மரம் உள்ள ஆணி வரிசையின் மேல் நீளப் பலகை போட்டு, பழகிய ஒருவரே ஏற வேண்டும்.

செய்ய வேண்டியவை: சருகை நன்றாக நனைத்த பின், ஏணியில் நின்று மெதுவான தும்புத்தடியால் வழித்து எடுங்கள். பச்சைப் பாசி பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். பாசியைச் சுரண்டுவதால் வருகின்ற கேடு பாசியால் வருவதை விடப் பெரிது. வேலை செய்தவர் மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடியிருக்க வேண்டும். அவரது உடுப்பை உதறாமல், தண்ணீரில் அமிழ்த்திப் புறம்பாகத் துவையுங்கள். சிறு வெடிப்பை நனைத்துத் துடைத்து, காய்ந்த பின் தார்ப் பசையாலோ கூரை ஒட்டுப்பசையாலோ அடைக்கலாம்.

உடைந்த துண்டுகளைப் பாதைக்குப் போடுவதும், கோழிக்கூட்டுக்கு வெட்டுவதும், பிள்ளைகள் விளையாட விடுவதும் நம் ஊர்களில் நடக்கின்றது. தயவுசெய்து நிறுத்துங்கள். நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டு, பிரதேச சபையையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ கேட்டு அகற்றுங்கள்.

பைபர் சீற்

வெளிச்சத்துக்காகக் குசினிக்கு மேலே ஒரு பைபர் சீற் போட்டிருப்பீர்கள். இதுவும் வாவியில் ஓடுகின்ற பைபர் தோணியும் ஒரே குடும்பம், கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்தது. வெயில்தான் இரண்டுக்கும் எதிரி. வெயில் மேற்பிசினைத் தின்றால் சீற் மஞ்சளாகி, மாவாகி, நார் வெளியே தெரியும். தொட்டால் கை அரிக்கும். சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். கம்பிப் பஞ்சு, மணல், மண்ணெண்ணெய் வேண்டாம். கழுவிக் காய்ந்த பின் தோணிக்குப் பூசுகின்ற மெழுகைப் பூசினால் வெயிலைக் கொஞ்சம் தாங்கும். தோணி வைத்திருப்பவர்களும் கரையில் ஏற்றியதும் கிடுகாலாவது மூடி நிழல் கொடுங்கள். இந்தச் சீற்றும் ஆளின் பாரத்தைத் தாங்காது.

ஓட்டுக் கூரை

இந்திய வீட்டுத் திட்டத்திலும் வேறு திட்டங்களிலும் கட்டிய பல வீடுகள் ஓட்டு வீடுகள். காற்றும் குரங்கும் ஓட்டை நகர்த்தும். நகர்ந்த ஓட்டை உள்ளிருந்தே நீண்ட தடியால் மெல்லத் தள்ளிச் சரிசெய்யலாம். பத்துப் பன்னிரண்டு ஓடு மேலதிகமாக வாங்கி வைத்திருங்கள். முகட்டு ஓட்டின் சாந்து வெடித்திருந்தால் மழைக்கு முன் பூச வேண்டும். ஓட்டின் பாசிக்கு 1 பங்கு வெளுப்புத் திரவத்தை 4 பங்கு தண்ணீரில் கலந்து தெளித்து, கால் மணித்தியாலம் விட்டுக் கழுவலாம். அதை வேறு எந்தக் கழுவும் திரவத்துடனும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். தகரத்தில் தெளித்தால் தகரத்தை அரிக்கும்.

பீலியும் மழைத் தண்ணீரும்

பீலியில் சருகு அடைத்தால் தண்ணீர் சுவரில் இறங்கும், டெங்கு நுளம்பும் அங்கேயே முட்டையிடும். மாரி முழுவதும் வாரத்துக்கு ஒரு தரம் அள்ளுங்கள். கிணறு உவராக உள்ள இடங்களில் மழைத் தண்ணீர் பிடிப்பவர்கள், கூரை கழுவும் நாட்களில் தாங்கியின் வாயை மூடிவிடுங்கள். முதல் மழையையும் வெளியே ஓடவிடுங்கள்.

வெயிலுக்கும் காற்றுக்கும்

இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2017ஆம் ஆண்டு ஏழைக் குடியிருப்புகளின் தகர, சீற் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசும் திட்டம் தொடங்கியது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வீட்டுக்குள் சில பாகை சூடு குறைகின்றது. நமது சித்திரை வெக்கைக்கும் இது பொருந்தும். தகரத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம், அது நாகப் பூச்சை அரிக்கும். கூரைக்கென்று விற்கின்ற வெள்ளைப் பூச்சை வாங்குங்கள்.

1978 நவம்பர் 23 சூறாவளியை நம் அம்மாமார் இன்றும் சொல்வார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேரின் உயிரைக் குடித்த அந்த இரவில் வாளாகப் பறந்தது கூரைத் தகரம். காற்று முதலில் பிடிப்பது ஓரத்தையும் முகட்டையும். அந்த வரிசைகளில் ஆணியை நெருக்கமாக அறையச் சொல்லுங்கள். கூரை மரத்தைச் சுவர் வளையுடன் கம்பியால் கட்டச் சொல்லுங்கள். தகரத்தின் மேல் கல் வைப்பதை விட்டுவிடுங்கள். காற்றில் அதுவும் ஆளின் தலையில் விழும்.

கடைசியாக ஒன்று. வயலில் கைமாற்று வேலை நமக்குப் புதிதல்ல. ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு ஏணி, ஒரு கயிறு வாங்கி, புரட்டாதியில் ஞாயிறுக்கு ஒரு வீடாகக் கூரை பார்க்கலாம். ஐந்து கிழமையில் ஐந்து கூரையும் முடியும். ஏணி பிடிக்க ஆள் இருக்கும், ஊர் வாய்க்கும் வேலை இருக்காது. கூலியாளைப் பிடிப்பதானாலும் ஐந்து வீட்டுக்கும் ஒரே நாளில் பிடித்தால் செலவு குறையும். உங்கள் ஊரில் இப்படிச் செய்து பார்த்தால் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் அது உதவும்.